மூலைக் கண்ணாடி

சின்னவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. மகள் கல்லூரிக்குப் போகிறாள். இருந்தும் கண்ணாடிக் கடையில் முதலாளி தொடங்கி லாரி டிரைவர் வரை எல்லாருக்கும் அவள் சின்னவள்தான். கூடப்பிறந்த அக்காவும் அதே கடையில் வேலை பார்ப்பதால் வந்த பெயர் அது. அக்கா பெரியவள், இவள் சின்னவள். யாரும் யோசித்து வைக்கவில்லை, அதனாலேயே ஒட்டிக்கொண்டது.

கடை என்பது நீளமான ஒரு கொட்டகை. வாசல் பக்கம், வெளிச்சம் விழும் இடத்தில் சின்னவளின் மேசை. இரண்டு பேர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிது. மேலே கம்பளி விரித்திருக்கும். அதற்குப் பின்னால் மரச் சட்டங்களில் கண்ணாடித் தகடுகள் சாய்ந்து நிற்கும். கொட்டகையின் கடைசியில், தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் மெஷினின் முன்னால், ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு அக்கா நிற்பாள். சின்னவள் வெட்டியதன் விளிம்பை அக்கா தேய்த்து மழமழப்பாக்குவாள். மதியம் இருவரும் ஒரே அடுக்கு டப்பாவைப் பிரித்து வைத்துச் சாப்பிடுவார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். கல்யாணம், பிள்ளைகள், வெவ்வேறு வீடு எல்லாம் வந்த பிறகும் டப்பா மட்டும் பிரியவில்லை. ஒரு நாள் இவள் கொண்டுவருவாள், மறுநாள் அவள்.

கண்ணாடி வெட்டப் பெரிய பலம் வேண்டாம். சின்னச் சக்கரம் பதித்த கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, மட்டக்கோலை ஒட்டி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பு. துணி கிழிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், நடுவில் அறுபடாமல் வர வேண்டும். போட்ட கோட்டின் மேல் மறுபடி இழுக்கக் கூடாது. கோட்டைப் போட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. உடனே மேசை விளிம்புக்குத் தள்ளி அழுத்திவிட வேண்டும். ஆறவிட்டால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும்.

அதைவிட முக்கியம் அளவு. பார்வைக்கு நேராகத் தெரியும் சுவர்கூட எங்கேயாவது கொஞ்சம் சாய்ந்திருக்கும், எங்கேயாவது வயிறு தள்ளியிருக்கும். சின்னவள் டேப்பை மட்டும் நம்புகிறவள் இல்லை. இரண்டு மெல்லிய மரக் குச்சிகளை ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்து, இடைவெளியின் இரண்டு பக்கமும் முட்டும் வரை விரிப்பாள். குச்சியும் குச்சியும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மூன்று கோடு விழாமல் கட்டரைத் தொட மாட்டாள். வீட்டு அலமாரிக் கதவுக்கு ஒரு துண்டுக் கண்ணாடி போட்டபோதும் மூன்று கோடு போட்டாள் என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

கை இப்படி. பேச்சு வேறு. யாராவது வேலை நன்றாக இருக்கிறது என்றால், முதலாளியிடம் சொல்லுங்கள் என்பாள். பெரிய வேலை ஒன்று இருக்கிறது, செய்வாயா என்று கேட்டால், முதலாளியிடம் கேளுங்கள் என்பாள். வெளியாட்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். கடைக்குள் இருப்பவர்களுக்கு அது மட்டுமில்லை என்று தெரியும். நல்லது ஏதாவது பக்கத்தில் வரும்போதெல்லாம் சின்னவளிடம் ஏதோ ஒன்று தவறிவிடும்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். சொல்லிக் கொடுத்தவரே அசந்து போகும்படி ஓட்டினாள். லைசென்சுக்கு ஓட்டிக் காட்ட வேண்டிய நாளன்று மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடிக் கடைக்காரி கண்ணாடியை மறந்துவிட்டாள் என்று கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். மறுபடி போகவே இல்லை.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடி. அதை ஒழுங்காக முடித்தால் வெட்டுகிறவர்களுக்குத் தலைமைக் கட்டராகப் போடுகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். சின்னவள் வெட்டிக் கொண்டுபோன கண்ணாடி மேல் பக்கம் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. ரப்பர் பட்டை வைத்து அடைத்தார்கள். தலைமைக் கட்டராக வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தான், கொஞ்ச நாள் இருந்தான், வேறு இடத்துக்குப் போனான். அன்று எல்லாரும் சின்னவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் நடக்கிறதுதான் என்று ஆறுதல் சொன்னார்கள். லாரி டிரைவர் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ மிகவும் நன்றாக இருந்தது என்பது அவளுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பிறகுதான் நடன டீச்சர் வந்தார்.

இரண்டு தெரு தள்ளி, பழைய கிடங்கு ஒன்றை வாங்கி நடனப் பள்ளியாக மாற்றிக்கொண்டிருந்தார் அவர். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை, முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். யாரிடமோ விசாரித்துவிட்டு நேராகச் சின்னவளின் மேசைக்கு வந்து நின்றார். அவள் வழக்கம் போல முதலாளியைக் கை காட்டினாள். டீச்சர் முதலாளியிடம் போய், இந்த அம்மா வெட்டினால் வேலை இங்கே, இல்லாவிட்டால் வேறு கடை என்று சொல்லிவிட்டார்.

முதலாளி அன்று மாலை சின்னவளைக் கூப்பிட்டார். புதிதாகக் கட்டியிருக்கும் கடைத்தெருவில் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்திருப்பது எல்லாருக்கும் தெரியும். யார் நடத்தப் போகிறார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"இந்தச் சுவர முடிச்சுக் குடு. புதுக் கடைச் சாவி உன் கையில. சம்பளம் இல்ல, பங்கு. யோசிச்சுச் சொல்றேன்னு மட்டும் சொல்லிடாதம்மா. நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும்."

சின்னவள் சரி என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து புதுக் கடையில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினாள். ஷட்டர் கனமாக இருக்கிறது. பின்பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை. வாசலில் மரம் இருக்கிறது.

"மரம் நிழல்தான குடுக்குது? வாடகையா கேக்குது?" என்றார் கணவர்.

வெளிச்சம் மறைக்கும் என்று ஒரு காரணம் சொன்னாள். அது அவளுக்கே நொண்டிச் சாக்காகத் தெரிந்தது.

ஆனால் வேலையில் ஒரு குறையும் இல்லை. சுவருக்கு வேண்டிய தகடுகள் எல்லாம் ஒரே தயாரிப்பில் வந்தவை. வேறு தயாரிப்பில் வாங்கினால் சாயல் மாறும். ஒன்று கொஞ்சம் பச்சையடிக்கும், ஒன்று நீலமடிக்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது குழந்தைக்கும் தெரிந்துவிடும். அந்தத் தயாரிப்பில் இனி ஒன்றுகூட இல்லை என்று மொத்த வியாபாரி முன்னாலேயே சொல்லிவிட்டார். முழுத் தகடுகள் ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. கடைசியாக மூலைக்கு வரும் கண்ணாடி ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் சுவரின் சாய்வுக்குத் தக்கபடி வெட்ட வேண்டும். வெட்டு பிசகினால் மாற்றுக் கண்ணாடி கிடையாது. மொத்தச் சுவரும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி நிற்கும். சாவியும் அத்தோடு போகும். சின்னவள் போய் மூலையை அளந்துகொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அந்தக் கடைசித் தகட்டை மேசையில் கிடத்தித் துடைத்தாள். மட்டக்கோலை எடுத்தாள். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டாள். குச்சியை எடுத்துக் கண்ணாடியின் மேல் வைத்தாள்.

குச்சியில் ஒரு கோடுதான் இருந்தது.

கீழே எடுத்த அளவு. வேறு யாராவது பார்த்தால் பிழையாகவே தெரியாது. அளவு இருக்கிறது, வெட்டலாம். சின்னவள் குச்சியைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு கட்டரை மேசையில் வைத்துவிட்டுக் கொட்டகையின் கடைசிக்கு நடந்தாள்.

"அக்கா, மெஷின நிறுத்து."

"ஏன், கையக் கிழிச்சுக்கிட்டியா?"

"இல்ல. இந்தக் குச்சியப் பாரு."

அக்கா மெஷினை நிறுத்தி, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். ஒரு கோடுதான் இருக்கிறது, மறந்திருப்பாய் என்றாள்.

"நான் மறப்பேனா?"

மறப்பாள் என்று அக்காவால் சொல்ல முடியாது. அலமாரிக் கதவுக்கு மூன்று கோடு போட்டவள்.

சின்னவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். துணிக்கடைக் கண்ணாடிக்கும் அன்று ஒரு கோடுதான் போட்டிருந்தாளாம். அவசரத்தில் விட்டுப்போயிற்று என்று எல்லாரிடமும் சொன்னாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தாள். இப்போது நினைத்துப் பார்த்தால் அன்று அவசரமே இல்லை. துணிக்கடைக்காரர் ஊரிலேயே இல்லை. மேசைத் துடைப்பானைக்கூட மறக்காத கை, நல்லது வரும் நாளில் மட்டும் எப்படி மறக்கிறது? மூக்குக் கண்ணாடியை எப்படி மறந்தது?

"தெரியாம நடக்கல அக்கா. வேலை தெரிஞ்ச கைக்குத்தான் எங்க விட்டா கெட்டுப்போகும்னு தெரியும். சரியா அந்த இடத்தப் பார்த்து விட்டிருக்கு."

"எதுக்குடி?"

 சின்னவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள்.

அக்காவுக்குச் சின்ன வயதில் உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் படிப்பு போயிற்று. அதனால் இருவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். பரீட்சை முடிவு பலகையில் ஒட்டிய அன்று சின்னவளின் பெயர் எல்லாருக்கும் மேலே இருந்தது. அக்காவின் பெயர் பலகையில் இல்லை. வீட்டில் அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அடுப்படியிலேயே நின்றாள். அப்பா பாராட்ட வாயைத் திறந்தார், மூத்தவளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் அடுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டு சின்னவள் மட்டும் பள்ளிக்குப் போனாள். அக்கா கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். அடுத்த வருடப் பரீட்சையில் சின்னவள் கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பவில்லை. அதில் கேள்வி இருந்ததே தெரியாது என்று வீட்டில் சொன்னாள். கொஞ்ச நாளில் அவளும் அதே கொட்டகைக்கு வந்துவிட்டாள். டப்பா மறுபடி ஒன்றானது.

"தோத்தா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும்க்கா. எல்லாரும் வந்து பக்கத்துல உக்காருவாங்க. டீ வரும். ஜெயிச்சா யாரு வந்து உக்காருவாங்க? அன்னிக்கு நீ சுவரப் பார்த்துப் படுத்திருந்த."

இதைக் கேட்டு அக்கா உருகிப்போய்த் தங்கையைக் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்ப்பவர்கள் அக்காவைத் தெரியாதவர்கள். அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். தலைகீழாகக் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

"ஆமா, எரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. உன் பேனாவ ஒளிச்சு வெச்சேன், தெரியுமா? அப்புறம் தானா அணைஞ்சு போச்சு. எனக்கு இந்த மெஷின் பிடிச்சுப் போச்சு. நான் பாட்டுக்கு நல்லா இருக்கேன். ஒரு வாரம் எரிஞ்சதுக்கு இத்தன வருஷமா நீ தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தியா?"

"பேனா நீயா?"

"அத விடு."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது, பேனாவுக்காக இல்லை. அக்கா வருத்தப்பட்டிருக்க மாட்டாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அக்காவே, எரிந்தது, அணைந்தது என்று சொல்லும்போது நம்பாமல் இருக்க வழியில்லை. அவள் பயந்தது இல்லாத ஒன்றைப் பார்த்து இல்லை. இருந்ததைத்தான் பார்த்தாள், அதன் அளவைத்தான் தவறாக எடுத்துவிட்டாள். ஒரே இடத்தில், ஒரே ஒரு நாளில் எடுத்த அளவு.

அக்கா விடவில்லை. இந்தக் கண்ணாடி சரியாகப் பொருந்திவிட்டால் அடுத்து என்ன நடக்கும், ஒவ்வொன்றாகச் சொல் என்றாள். சாவி வரும் என்றாள் சின்னவள். காலையில் ஷட்டரைத் தூக்க வேண்டும். வருகிறவர்களிடம் தானே பேச வேண்டும், முதலாளியிடம் கேளுங்கள் என்று சொல்ல முடியாது. இந்தக் கொட்டகையில் வேறு யாராவது வெட்டுவார்கள். அக்கா அவர்கள் வெட்டியதைத் தேய்ப்பாள்.

"நான் அங்க வர மாட்டேன், அதையும் சொல்லிடறேன். உன்கிட்ட வேலை பார்த்தா நாலு நாள்ல அடிச்சுக்குவோம். அப்புறம்?"

"மதியம்... டப்பா தனித்தனி."

"அதான் விஷயமா?" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கியது. "அது எனக்கும் கஷ்டம்தான். உன் வீட்டுச் சாப்பாடு நல்லா இருக்கும்."

அந்தக் கஷ்டத்தை இல்லை என்று ஆக்க இருவராலும் முடியவில்லை. ஆனால் பெயர் வைத்துப் பார்த்தபோது அது மதியச் சாப்பாட்டு நேரத்தின் அளவுக்குத்தான் இருந்தது. ஒரு வாழ்க்கையின் அளவுக்கு இல்லை.

பிறகு சின்னவள் குச்சிகளை எடுத்துக்கொண்டு நடனப் பள்ளிக்குக் கிளம்பினாள். அக்காவும் கூட வந்தாள். உதவிக்கு இல்லை, கோடு எண்ணுவதற்கு என்றாள். கூடத்தில் தச்சர் ஒருவர் தரைப் பலகையை அடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வரும் என்று பார்த்தால் குச்சி வருகிறதே என்றார். சின்னவள் ஏணியில் ஏறி மேலே முட்ட வைத்தாள், கோடு போட்டாள். நடுவில் ஒன்று. கீழே ஏற்கெனவே போட்டதைச் சரிபார்த்தாள். மேலே இருந்த அளவு கட்டை விரல் அகலத்துக்கு அதிகம். ஒரு கோட்டை நம்பி வெட்டியிருந்தால், மூலையில் மேலே சுவர் தெரிந்துகொண்டு நின்றிருக்கும்.

"மூணு," என்றாள் அக்கா கீழிருந்து.

கடைக்குத் திரும்பி மறுபடி கட்டரை எடுத்தபோது பயம் போய்விட்டதா என்றால், இல்லை. துடைத்த கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தாள். மட்டக்கோலை மாற்றலாமா, நாளைக்குக் காலை வெளிச்சத்தில் வெட்டலாமா என்று ஒரு குரல் நல்ல பிள்ளை மாதிரி யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அந்தக் குரலை அவள் கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது ஜெயிக்கப் பயப்படும் குரல் என்று தெரிந்துவிட்டது. மூன்று கோடு இருக்கிறது. இதற்கு மேல் காத்திருப்பது கவனம் இல்லை.

இழுத்தாள். அந்த மெல்லிய சத்தம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுபடாமல் வந்தது. கட்டரை வைத்துவிட்டு, தகட்டை மேசை விளிம்புக்குத் தள்ளி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினாள். சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வேண்டாத துண்டு தனியாகக் கழன்று கைக்கு வந்தது. முதலாளி தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தச் சத்தம் சரியான சத்தம் என்று அவருக்கும் தெரியும். மறுபடி குனிந்துகொண்டார். அக்கா மெஷினைப் போட்டாள்.

மூலைக் கண்ணாடி மறுநாள் சுவரில் ஏறியது. சின்னவளும் லாரி டிரைவரும் தச்சரும் சேர்ந்து தூக்கி, கீழ் விளிம்பை முதலில் உட்காரவைத்து, மெல்ல நிமிர்த்தினார்கள். மேலே கடைசியாக இருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒரு தாள் நுழையும் அளவுக்கு நின்றது. அவ்வளவுதான் வேண்டும், கண்ணாடிக்கும் மூச்சுவிட இடம் வேண்டும். தச்சர் மூலையைத் தடவிப் பார்த்தார். மூலையில் நான் அடித்த சட்டம்தான் கொஞ்சம் கோணல் போலிருக்கிறது என்று தானாக ஒப்புக்கொண்டார்.

நடன டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார், நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். எந்த இணைப்பிலும் பிம்பம் உடையவில்லை. மாடியில் இன்னொரு கூடம் போடப் போகிறேன், அதற்கும் இதே மாதிரி வேண்டும், முதலாளியிடம்தானே கேட்க வேண்டும் என்றார்.

கூடத்தில் எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். கண்ணாடி இருந்ததால் இரண்டு மடங்கு பேர் பார்த்த மாதிரி இருந்தது.

"என்கிட்டயே கேக்கலாம் டீச்சர். நான்தான் செய்வேன். சுவர் பூசி முடிச்சதும் சொல்லி அனுப்புங்க, வந்து அளவெடுக்கறேன்."

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். சுவரைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். ஷட்டர் கொஞ்சம் கனம், எண்ணெய் போட வேண்டும் என்றார். போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டாள். லாரி டிரைவர் டீ வாங்கப் போகிறேன் என்று யாரும் கேட்காமலே கிளம்பினார். ஜெயித்தாலும் டீ வரும் என்பது சின்னவளுக்குப் புதிய தகவல்.

அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் மூலைக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, தான் தேய்த்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். முன்பென்றால் அந்த மௌனத்தைப் பார்த்ததுமே சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது நேராகவே கேட்டாள்.

"எரியுதா?"

அக்கா கண்ணாடிக்குள் தங்கையின் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"கொஞ்சம். சாப்பாட்டு நேரத்துக்குள்ள சரியாயிடும். இன்னிக்கு டப்பா யாரு முறை?"

"என் முறை."

"அப்ப சீக்கிரமே சரியாயிடும்," என்றாள் அக்கா.